பாட்டுகள் காணாமற் போவதேன்?

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்தவர்கள் எதை விட்டு வந்தாலும் பாட்டை விட்டு வருவதில்லை. முன்னாளில் நம் பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் வேட்டி சேலைகளுக்கு நடுவே கிராமபோன் இசைத்தட்டுகளைப் பத்திரமாக அடுக்கிக் கொண்டுவந்தார்கள். பின்னர் கேசட்டுகள் வந்தன. அதன்பின் குறுந்தகடுகள் வந்தன. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஹார்டு டிஸ்கில் மூன்று தலைமுறைப் பாட்டும் அடங்கிவிடுகிறது. திரைப்பாட்டு, கச்சேரி, திருப்புகழ், நலங்கு, தாலாட்டு ஆகிய அனைத்தும் அதனுள்ளே இருக்கின்றன.

"இணையத்தில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது வீட்டில் எதற்குச் சேமிக்க வேண்டும்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். திரைப்பாட்டைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமே. ஆனால் தாத்தா பாடிய தேவாரமும், பாட்டி பாடிய தாலாட்டும், அக்காள் கலியாணத்தில் ஒலித்த நாகசுரமும் எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் இல்லை. அவை நம் வீட்டு டிஸ்கில் மட்டுமே உள்ளன. அங்கே தொலைந்தால் உலகிலேயே தொலைந்தவையாம்.

ஆகவேதான், "பாட்டெல்லாம் காணோம்" என்று ஓர் அன்பர் பதறி வரும்போது அதை அற்ப விஷயமாகக் கருத நமக்கு மனம் வருவதில்லை. நாம் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களேயன்றிக் கணினி நிபுணர்கள் அல்லோம். படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. எனினும் பார்சல் ஆபீசில் பேரேடு எழுதிய பழக்கம் இவ்விஷயத்தில் நமக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. காலனியில் பல வீடுகளின் பாட்டுப் பெட்டகங்களைப் பார்த்துச் சீர்செய்து கொடுத்ததில் நாம் கண்ட உண்மை ஒன்றே: காணாமற் போனதாகச் சொல்லப்படும் பாட்டுகளுள் பெரும்பாலானவை காணாமற் போனவையல்ல. அவை இருக்கும் இடம் மாறியிருக்கும், அல்லது பெயர் மாறியிருக்கும். உண்மையான நஷ்டம், அவசரப்பட்டு 'அழி' என்னும் பொத்தானை அழுத்தும்போதே நேர்கிறது.

பேரேடு, கிடங்கு, லேபிள்

பார்சல் ஆபீசில் மூன்று சங்கதிகள் உண்டு. சரக்கு இருக்கும் கிடங்கு ஒன்று. எந்தச் சரக்கு எந்த இடத்தில் உள்ளது என்று எழுதிய பேரேடு ஒன்று. சரக்கின் மேலேயே ஒட்டியுள்ள லேபிள் ஒன்று. பாட்டுகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளிலும் இம்மூன்றே உள்ளன.

கணினியில் நாம் திறந்து பார்க்கும் ஃபோல்டர்தான் கிடங்கு. பாட்டின் ஃபைல் அங்கேதான் கிடக்கிறது. ஐடியூன்ஸ், மியூசிக் பீ, ஃபூபார் 2000 போன்ற மென்பொருள்களின் திரையில் நாம் காணும் நீண்ட பட்டியல் பேரேடு. அதில் பாட்டு இல்லை. பாட்டு இருக்கும் விலாசம் மட்டுமே இருக்கிறது. லேபிள் என்பது ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டுள்ள பாட்டின் பெயர், பாடியவர், படம், ஆண்டு முதலிய விவரங்கள். இதை 'டேக்' என்பார்கள். எம்.பி.3 ஃபைல்களுக்கு இவ்வகை லேபிள் 1996-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதற்கு ஐ.டி.3 என்று பெயர்.

இம்மூன்றில் எது பிசகியுள்ளது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பேரேடு பிசகியிருக்கும்போது கிடங்கைக் கலைப்பதும், லேபிள் பிசகியிருக்கும்போது சரக்கை வெளியே எறிவதும் பெருங்கேடு. கண்டுபிடிக்கும் வழி எளிது. மென்பொருளை மூடிவிட்டு ஃபோல்டரை நேராகத் திறந்து, ஃபைலை வேறொரு மென்பொருளில், உதாரணமாக வி.எல்.சி.யில், ஒலிக்கச் செய்து பாருங்கள். ஒலித்தால் சரக்கு பத்திரமாக உள்ளது. குறை பேரேட்டிலோ லேபிளிலோதான். மனத்தை நிம்மதிப்படுத்திக்கொண்டு மேலே செல்லலாம்.

ஆச்சரியக்குறியின் பொருள்

ஐடியூன்ஸ் பட்டியலில் பாட்டின் அருகே ஓர் ஆச்சரியக்குறி தோன்றினால், "பேரேட்டில் எழுதிய விலாசத்தில் சரக்கைக் காணோம்" என்பதே அதன் பொருள். சரக்கு அழிந்தது என்று பொருளல்ல. நாமே ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்தியிருப்போம். அல்லது அதன் பெயரை மாற்றியிருப்போம். அல்லது டிஸ்கின் எழுத்து மாறியிருக்கும்.

கடைசியாகச் சொன்னது நம்மவர் வீடுகளில் அதிகம் நேர்கிறது. விண்டோஸ் கணினி வெளியிலிருந்து இணைக்கும் டிஸ்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுக்கிறது. நேற்று 'ஈ' என்று பெயர் பெற்ற டிஸ்கு, இன்று வேறொரு பென் டிரைவ் முன்னதாகச் செருகப்பட்டிருந்தால் 'எஃப்' ஆகிவிடக்கூடும். பேரேட்டில் எல்லாப் பாட்டுக்கும் விலாசம் 'ஈ' என்றே எழுதியிருப்பதால் ஒரே நொடியில் அத்தனை பாட்டுக்கும் ஆச்சரியக்குறி விழுகிறது. இடமாற்றல் உத்தரவு வந்து, சாமான்களைக் கட்டி, புது ஊரில் புதுக் கணினியில் டிஸ்கைச் செருகும்போது இவ்விபரீதம் நேர்வது சர்வ சாதாரணம்.

நம் காலனியில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் இருக்கிறார். அவருடைய தாயார் பாடிய நலங்குப் பாட்டுகளைப் பழைய கேசட்டிலிருந்து டிஸ்குக்கு மாற்றி வைத்திருந்தார். தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. ஒருநாள் மாலை அவர் நம்மை வந்து அழைத்தார்.

"தம்பி, அம்மா பாட்டு அத்தனையும் போய்விட்டது. பையன் என்னவோ செய்து தொலைத்துவிட்டான்!"

"ஐயா, பையனைக் கோபிக்க வேண்டாம். அவன் மேற்கொண்டு எதையும் அழுத்தாமல் இருக்கச் சொல்லுங்கள். இதோ வருகிறோம்."

நாம் போனபோது பையன் பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கத் தயாராக இருந்தான். டிஸ்கின் எழுத்தைப் பார்த்தோம், மாறியிருந்தது. விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் பகுதியைத் திறந்து, அந்த டிஸ்கின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, எழுத்தை மாற்றும் கட்டளையால் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தோம். அவ்வெழுத்தை வேறொரு பென் டிரைவ் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்த வேண்டும். மென்பொருளை மறுபடி திறந்ததும் ஆச்சரியக்குறிகள் மறைந்தன. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

பையன் நினைத்தபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாட்டுகள் ஃபோல்டரில் இருந்திருக்கும். ஆனால் பெரியவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பட்டியல் வரிசைகளும், எத்தனை முறை கேட்டார் என்ற கணக்கும் அழிந்திருக்கும். அழிக்கும்போது, "ஃபைலை வைத்துக்கொள்ளவா, குப்பைத் தொட்டிக்கு அனுப்பவா?" என்று மென்பொருள் கேட்பதுண்டு. அங்கே கை தவறினால் சரக்கே போய்விடும்.

ஃபோல்டரை மட்டும் நகர்த்தியிருந்தால் வேறு வழி உண்டு. ஆச்சரியக்குறி உள்ள ஒரு பாட்டை அழுத்தினால், அது இருக்குமிடத்தைக் காட்டும்படி ஐடியூன்ஸ் கேட்கும். ஒன்றைக் காட்டியபின், அதே இடத்தில் மற்றவற்றையும் தேடலாமா என்று அதுவே கேட்கும். சம்மதித்தால் பலவற்றை ஒருங்கே கண்டுபிடித்துவிடும். இதைவிடச் சுலபமான மார்க்கம், ஃபோல்டரைப் பழைய இடத்திலேயே பழைய பெயரிலேயே திரும்ப வைத்துவிடுவது.

ஓர் எச்சரிக்கை. ஐடியூன்ஸின் பாட்டுக் கிடங்கை வெளி டிஸ்கில் வைத்திருப்பவர்கள், டிஸ்கைச் செருகியபின்பே மென்பொருளைத் திறக்க வேண்டும். டிஸ்கு இல்லாமல் திறந்தால், கணினிக்குள்ளேயே உள்ள வழக்கமான ஃபோல்டரைக் கிடங்காகக் கொண்டுவிடும். அன்று சேர்க்கும் பாட்டுகள் அங்கே போய் விழும். இப்படிச் சிதறியவற்றை ஒன்றுசேர்க்க 'ஃபைல்' பட்டியில் 'லைப்ரரி' என்பதற்குள் 'ஆர்கனைஸ் லைப்ரரி' என்னும் கட்டளை உண்டு. அதிலுள்ள 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால், பல இடங்களில் கிடக்கும் பாட்டுகளின் பிரதிகள் ஒரே கிடங்கில் வந்து சேரும். மூலங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆதலால் டிஸ்கில் போதிய இடம் உள்ளதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்க.

ஒரு படம் ஐந்து துண்டு

இனி லேபிள் விவகாரம். இம்மென்பொருள்களை ஆக்கியவர்கள் மேனாட்டார். அவர்கள் நாட்டில் ஓர் இசைத்தொகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரே பாடகர் அல்லது ஒரே குழு. நம் திரைப்படமோ அப்படியன்று. 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.சௌந்தரராஜன், பி.பி.ஸ்ரீநிவாஸ், திருச்சி லோகநாதன், பி.சுசீலா ஆகியோர் பாடியிருக்கிறார்கள். இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. பாடியவர் பெயரை மட்டும் லேபிளில் எழுதி, மென்பொருள் தன் போக்கில் ஃபோல்டர் அமைக்க இடங்கொடுத்தால், ஒரு படம் ஐந்து ஃபோல்டர்களில் துண்டுதுண்டாகச் சிதறிவிடும். இருவர் சேர்ந்து பாடிய பாட்டுக்குத் தனியாக ஆறாவது ஃபோல்டர் முளைக்கும்.

இதற்குப் பரிகாரம் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்னும் கட்டம். பாடியவர் கட்டத்தில் பாடியவர் பெயர் இருக்கட்டும்; ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் படத்தின் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே விதமாக எழுதுங்கள். மறுகணமே துண்டுகள் ஒன்றுசேரும். 'கம்பைலேஷன்' என்று குறியிடுவதும் ஒரு வழியே. ஆயினும் ஐடியூன்ஸில் அப்படிச் செய்தால் எல்லாப் படங்களும் 'கம்பைலேஷன்ஸ்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் போய்ச் சேரும் என்பதை அறிந்து செய்க.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. 2021-இல் சந்தோஷ் நாராயணன் இசையில் மற்றொரு 'கர்ணன்' வந்தது. 'பில்லா' 1980-இல் ஒன்று, 2007-இல் ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு படப் பாட்டுகளும் ஒரே தொகுப்பாகக் கலந்துவிடக்கூடும். படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து 'கர்ணன் 1964' என்று எழுதிவிட்டால் இக்குழப்பம் நேராது.

'கிடங்கை ஒழுங்காக வைத்துக்கொள்' என்று பொருள்படும் ஓர் அமைப்பு ஐடியூன்ஸில் உள்ளது. அது செயற்படும்போது, தன் கிடங்கிலுள்ள ஃபைலின் லேபிளில் நாம் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் ஃபோல்டரையும் அதற்கேற்ப மாற்றிவிடும். சொந்தமாக 'அம்மா', 'கோயில்', 'கலியாணம்' என்று ஃபோல்டர் வகுத்து வைத்திருப்பவர்களுக்கு இது பெரும் இடையூறு. அத்தகையோர் அவ்வமைப்பை நிறுத்திவிடுவது நன்று. நிறுத்தாவிட்டால் லேபிள்களைச் சரியாக எழுதிவிட்டு, ஃபோல்டர் விவகாரத்தை மென்பொருளின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். இருவரும் ஒரே கிடங்கை அடுக்கினால் கிடங்கு உருப்படாது.

எழுத்துக் குழப்பம்

பாட்டின் பெயர் தமிழில் இராமல் ஏதோ கிறுக்கலாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. கிறுக்கல் பல வகை. வகை அறிந்தால் வழி தெரியும்.

பெட்டி பெட்டியாகக் கட்டங்கள் தெரிந்தால், அக்கணினியிலோ மென்பொருளிலோ தமிழ் எழுத்துரு இல்லை. லேபிளில் குற்றமில்லை.

தலையில் சாய்கோடு ஏந்திய ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மீண்டும் மீண்டும் வந்தால், உள்ளே இருப்பது நல்ல யூனிகோடு தமிழ்தான். மென்பொருள் அதைத் தவறான முறையில் வாசிக்கிறது. எம்.பி.3 டேக் போன்ற இலவச மென்பொருளில் எழுத்து முறையை மாற்றிப் பதிந்தால் சரியாகிவிடும்.

வேறு வகையான கொம்பும் புள்ளியும் கொண்ட ரோமன் எழுத்துகள் வந்தால், யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய திஸ்கி போன்ற பழைய முறைகளுள் ஒன்றில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அதற்கென்று உள்ள எழுத்து மாற்றிகளில் இட்டால் தமிழ் திரும்பும்.

வரிசையாகக் கேள்விக்குறிகளே ஃபைலின் லேபிளில் இருந்தால், பதியும்போதே எழுத்துகள் தொலைந்துவிட்டன. அவற்றைக் கையால் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

பெயர் நடுவில் வெட்டுப்பட்டு நின்றால், மென்பொருள் மிகப் பழைய லேபிளைப் படிக்கிறது என்று ஊகிக்கலாம். 1996-இல் வந்த முதல் லேபிளில் பாட்டின் பெயருக்கு 30 இடங்களே உண்டு. யூனிகோடு தமிழில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் மூன்று இடங்கள் செல்லக்கூடும் என்பதால் பத்துக் குறிகளுக்குமேல் அதில் அடங்கா. 1998-இல் ஏற்பட்ட இரண்டாவது வகை லேபிளில் இந்தக் குறை இல்லை.

இன்னொரு நுட்பம் நம் மொழிக்கே உரியது. 'கோ' என்னும் எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுத முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பழைய ஆப்பிள் கணினிகள் ஃபைலின் பெயரைப் பிரித்தே எழுதும். அங்கிருந்து விண்டோஸுக்கு வந்த ஃபைல்களால், 'கோவிந்தராஜன்' பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 'ஸ்ரீ' எழுத்துக்கும் இதே கதி. அதை வழக்கமான 'ஸ' கொண்டும் எழுதலாம்; 2005-இல் யூனிகோடில் சேர்ந்த மற்றொரு சகரம் கொண்டும் எழுதலாம். உருவம் ஒன்றே. பி.பி.ஸ்ரீநிவாஸ் பட்டியலில் இருமுறை தோன்றினால் வியப்படைய வேண்டாம். இரண்டையும் ஒருங்கே தெரிவு செய்து பெயரை ஒருமுறை புதிதாகத் தட்டச்சு செய்துவிட்டால் இருவரும் ஒருவராவர்.

ஆங்கிலத்தில் பெயர் எழுதுவோர்க்கும் இதே தொல்லை உண்டு. இளையராஜா என்னும் பெயரை ஒருவர் 'ஏ' எழுத்து ஒன்று இட்டு எழுதுகிறார். மற்றொருவர் இரண்டு இடுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் உண்டாகிறது. தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரே எழுத்துக்கூட்டை நிச்சயம் செய்துகொண்டு, அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கணினி அருகே ஒட்டி வைப்பது நலம்.

ஃபோல்டருக்குப் பெயரிடுவதிலும் கட்டுப்பாடு வேண்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், சாய்கோடுகள் ஆகியவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்பதில்லை. அன்றியும், டிஸ்கின் எழுத்திலிருந்து ஃபைலின் கடைசி எழுத்து வரை முழு விலாசமும் 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விண்டோஸின் நெடுநாளைய விதி. 2016-க்குப் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் இதைத் தளர்த்த இயலுமெனினும், பல மென்பொருள்கள் இன்னும் பழைய விதிக்கே கட்டுப்பட்டவை. தமிழில் 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு இரண்டு குறி. 'ஸ்ரீ' நான்கு குறி. ஆகவே ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று நீண்ட பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால், ஒருநாள் ஃபைலை நகலெடுக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது. பெயர் சுருக்கமாக இருக்கட்டும். அடுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இரட்டைகளை அழிக்கும் ஆபத்து

ஒரே பாட்டு இருமுறை இருப்பது கண்டு எரிச்சலடைந்து, இரட்டைகளைத் தானாகவே அழிக்கும் கருவிகளை நாடுவோர் உண்டு. இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். ஐடியூன்ஸ் இரட்டைகளைக் காட்டும்போது பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் ஒன்றா என்றே பார்க்கிறது; ஒலியை அது கேட்டுப் பார்ப்பதில்லை. ஒரு வித்துவான் ஒரே கீர்த்தனையைப் பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு கச்சேரிகளில் பாடியிருந்தால் இரண்டும் 'இரட்டை' என்று பட்டியலில் வரும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அக்கட்டளையைக் கொடுத்தால் தொகுப்பின் பெயரையும் ஒப்பிட்டுக் காட்டும். அதுவும் போதாது. பாட்டின் நேரம், ஃபைலின் அளவு ஆகியவற்றையும் ஒப்பிட்டு, இரண்டையும் சிறிது கேட்ட பின்னரே ஒன்றை நீக்க வேண்டும்.

மற்றொரு சங்கதி. பெயரிடாத குடும்பப் பதிவுகள் பலவும் 'டிராக் 1', 'டிராக் 2' என்றே இருக்கும். அம்மாவின் தாலாட்டும் 'டிராக் 1'. பக்கத்து வீட்டுக் கலியாண நாகசுரமும் 'டிராக் 1'. இரட்டை நீக்கும் கருவிக்கு இவை ஒன்றாகவே தோன்றக்கூடும். ஆதலால் முதலில் பெயர் சூட்டுங்கள், பின்பு களையெடுங்கள்.

ஒரே பிரதியாக உள்ள குரல்கள்

கேசட்டுகளை இன்னும் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் தாமதியாமல் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். குறுந்தகட்டின் தரத்தில் வேவ் ஃபைலாகப் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. செல்லும், அறுபது நிமிடக் கேசட்டு ஒன்றுக்குச் சுமார் 635 எம்.பி. அதை ஃபிளாக் என்னும் முறையில் சுருக்கினால் தரம் சிறிதும் குன்றாமல் இடம் மிச்சமாகும். தினமும் கேட்பதற்கு ஓர் எம்.பி.3 பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். அந்த ஃபோல்டரை எந்த மென்பொருளும் ஒழுங்குபடுத்த இடங்கொடுக்காதீர்கள்.

கைப்பேசியில் உள்ள குரல்களையும் மறக்கலாகாது. ஊரிலிருந்து பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்செய்திகள் தேதியும் எண்ணும் கொண்ட பெயரோடு ஆண்டிராய்டு கைப்பேசியில் வாரத்துக்கு ஒரு ஃபோல்டராகச் சேர்கின்றன. அவை ஓபஸ் என்னும் வகை. ஐடியூன்ஸ் அவற்றை ஏற்பதில்லை, வி.எல்.சி. ஒலிக்கச் செய்யும். முக்கியமானவற்றைக் கணினிக்கு மாற்றி, பேசியவர் உறவையும் தேதியையும் ஃபைலின் பெயராக எழுதி வையுங்கள். கைப்பேசிக்கு நகலெடுத்த பாட்டு ஃபோல்டரில் இருந்தும் பட்டியலில் தோன்றாவிட்டால், அந்த ஃபோல்டரில் 'நோமீடியா' என்று பெயர் கொண்ட மறைந்த ஃபைல் உள்ளதா எனப் பாருங்கள். அது இருக்கும் ஃபோல்டரை ஆண்டிராய்டின் பாட்டுப் பட்டியல் கண்டுகொள்வதில்லை.

கைக்கொள்ள வேண்டிய முறை

சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுவோம். பாட்டைக் காணோம் என்றால் முதலாவது, எதையும் அழிக்காமல் கையை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பாட்டு ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். மூன்றாவது, இரண்டு ஃபோல்டர்களிலும் வலப்பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்து, ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துள்ளனவா என்று கணக்குப் பாருங்கள். சரக்கை எண்ணாமல் கையெழுத்திடும் குமாஸ்தா நிலைப்பதில்லை. நான்காவது, ஃபைலை நேராக ஒலிக்கச் செய்து, பேரேடு, கிடங்கு, லேபிள் ஆகிய மூன்றில் பிசகு எதில் என்று முடிவு செய்யுங்கள். ஐந்தாவது, பரிகாரத்தை ஒரே ஒரு பாட்டில் செய்து பார்த்து, பலித்தபின் மற்றவற்றுக்குச் செய்யுங்கள்.

நகல் டிஸ்கு ஒன்றை உங்கள் வீட்டிலேயே வைத்திருந்தால் போதாது. மற்றொன்றை ஊரிலோ, வேறு நகரத்திலோ உள்ள உடன்பிறந்தார் வீட்டில் வையுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பலகாரத்தோடு அந்த டிஸ்கையும் எடுத்துச் சென்று புதுப்பித்து வரலாம். தீ, வெள்ளம், திருட்டு எதுவும் இரண்டு ஊரை ஒரே நாளில் தாக்குவது அரிது.

நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி கேட்டு வளர்கிறார்கள். தாத்தா எப்படிப் பேசுவார், ஆத்தா எந்த இழுப்பில் பாடுவார் என்பதை அவர்கள் அறிய அந்தப் பதிவுகளே சான்று. படத்தில் முகம் தெரியும். ஊர்ப் பேச்சு குரலில்தான் தெரியும். ஆகவே அன்பர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் பாட்டு ஃபோல்டரைத் திறந்து, பெயரில்லாப் பதிவுகளுக்குப் பெயர் எழுதி, ஒரு நகலும் எடுத்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறோம். யாருடைய குரல் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அவரை அருகில் அமர்த்திக்கொண்டு எழுதுவது மிகவும் அவசியம். லேபிள் இல்லாத சரக்கு எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அது யாருடையது என்று பின்னால் வருபவர் சொல்ல இயலாது.